பொங்கல் திங்களன்று நடந்த விஞ்ஞானப் பாடம்

ஆசிரியர் விடுதி,
பெப்ரவரி 9

அன்புள்ள தம்பி சுஜிதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் கிருசாந்தியும் சின்னவளும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். என் சுகத்தை நீ கேட்க வேண்டாம், அதைக் கெடுத்ததே நீதான்.

ஏன் போன் எடுக்கவில்லை என்று செய்தி போட்டிருந்தாய். இந்த ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். நான் உன்னை ஏசுகிற ஏச்சுக்கு வயலில் நிற்கிற சனம் முழுக்க மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்று கேட்கும். அதனால்தான் கடிதம். தபால்காரர் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறார், அது காணும்.

புதிய ஆசிரியருக்கு வழிகாட்டுகிற உங்கள் திட்டம், வவுனியாவில் இரண்டு நாள் பயிற்சி என்று கூப்பிட்டாய். வந்தேன். குளிரூட்டியை முழுக்கத் திறந்துவிட்டு, கழுத்தில் பெயர் அட்டையைக் கட்டி, வட்டமாக நிற்கவைத்துப் பந்து எறியச் சொன்னார்கள். பந்தைப் பிடிக்கிற ஆள் நல்ல வழிகாட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டுமாம். எனக்கு நாற்பத்தேழு வயது. முழங்கால் நோவோடு பந்து பிடித்தேன், தம்பி. கடைசியில் ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்று ஒரு சான்றிதழும், புதிய ஆசிரியரின் வகுப்பில் எட்டுத் தரம் போய் இருந்து நிரப்ப வேண்டிய எட்டுப் படிவமும் தந்து அனுப்பினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? ‘அக்காவைப் போடுங்கோ, அவா செய்வா’ என்று உன் மேலதிகாரிக்கு நீயே சொன்னாயாம். கிழமைக்கு முப்பத்தினாலு பாடவேளை எனக்கு. எப்போது செய்வா? கனவிலா?

வந்திருக்கும் பிள்ளையின் பெயர் நஸீஹா. ஊர் தண்ணீரூற்று. குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு இடம்பெயர்ந்து போனது, பிள்ளை பிறந்தது புத்தளத்தில். திரும்பி வந்து பத்துப் பதினைந்து வருடமாம். வாப்பா ஜெமீல் சின்னக் கடை வைத்திருக்கிறார். கல்வியியற் கல்லூரியை முடித்த கையோடு விஞ்ஞான ஆசிரியராக வந்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, சந்தியில் இறங்கி, மூன்று கிலோமீற்றர் சைக்கிள். அவளுக்கு அதிபர் கனகலிங்கம் கொடுத்த வகுப்பு தரம் ஒன்பது. நாங்கள் ஐந்து பேர் ஏலாது என்று கைவிட்ட வகுப்பு அது. முதல் நாளே தொண்டை கட்டிப்போய் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

அவசரம் அவசரம் என்று நீ கேட்ட படிவங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி இந்த விஷயமாக என்னிடம் ஒன்றும் கேட்காதே.

சின்னவளைக் கொஞ்சினேன் என்று சொல்.

அக்கா தயாளினி

---

வவுனியா,
பெப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஏச்சு பத்திரமாக வந்து சேர்ந்தது. நாங்கள் மூவரும் சுகம். முழங்காலுக்குக் கிருசாந்தி ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். சூடுகாட்டிப் பூசுங்கோ.

அக்கா, உங்களுக்கு ஒன்று தெரியாது. முதல் நியமனத்தில் நான் துணுக்காய்ப் பக்கம் போனேனே, மூன்றாம் மாதம் விலகல் கடிதம் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு சனம் என் வகுப்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நான் படிப்பிப்பது சரியா பிழையா என்று சொல்ல ஆளில்லை. இரண்டு வருடம் பிள்ளைகளைக் கெடுத்துத்தான் படிப்பிக்கப் பழகினேன். அதனால்தான் இந்தத் திட்டத்துக்கு ஆள் கேட்டபோது ஓடிப்போய்ச் சேர்ந்தேன். உங்களுடைய பெயரைக் கொடுத்ததும் அதனால்தான். எனக்குத் தெரிந்த நல்ல விஞ்ஞான டீச்சர் நீங்கள்.

நஸீஹாவுக்கும் இது சின்ன விஷயமில்லை. வழிகாட்டியின் அறிக்கையை வைத்துத்தான் அவருடைய சேவைப் பதிவுக் கோவையில் குறிப்பு எழுதுவார்கள். கெட்ட குறிப்பு விழுந்தால் தகுதிகாண் காலம் நீளும், நியமனம் நிரந்தரமாகாது.

படிவங்கள் கிடைத்தன. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கோ, ஏச்சென்றாலும் பரவாயில்லை.

அன்புத் தம்பி
சுஜிதன்

---

ஆசிரியர் விடுதி,
ஏப்ரல் 6

அன்புள்ள சுஜிதனுக்கு,

ஒன்றரை மாதம் எழுதவில்லை. எழுதாத நாளிலும் உன்னை ஏசிக்கொண்டுதான் இருந்தேன். சின்னவளுக்குக் காய்ச்சலாம், சுகமாகிவிட்டதா? எண்ணெய் வந்தது. மணம் நல்லாயிருக்கிறது, நோவு அப்படியே இருக்கிறது.

புதிய ஆசிரியருக்கு எங்கள் பள்ளிக்கூடம் கொடுக்கும் துணையைக் கேள். நஸீஹாவின் எழுத்து அச்சடித்தது போல. அது அதிபரின் கண்ணில் பட்டுவிட்டது. விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ், சான்றிதழ், பெயர்ப்பலகை, வரவுப் பதிவேடு எல்லாம் அவள் தலையில். போதாதற்குப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேற்பார்வையும். அது நோன்பு மாதம். ‘நீர்தானே சாப்பிடுறேல்லை, உமக்கு நேரம் இருக்கும்’ என்றார் கனகலிங்கம். பகிடியாம். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். விளையாட்டுப் போட்டியன்று நாவறள நோன்போடு வெயிலில் நின்று ஓட்டங்களுக்கு நேரம் பார்த்தாள். நான் கொட்டிலுக்குள் கதிரையில் இருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிசனின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்து எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை.

தரம் ஒன்பது அவளைத் தின்கிறது. விறாந்தையால் போனால் சந்தை இரைச்சல். முன்னுக்கு இருப்பவர்கள் எழுதுவார்கள், பின்னிரண்டு வரிசையும் தன்பாட்டில் கதைக்கும். அதிபர் ஜன்னலால் பார்த்துவிட்டு, ‘வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஆளை அனுப்பியிருக்கிறாங்கள்’ என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறார். ஒருநாள் பாடம் முடிந்து என்னிடம் வந்தாள். ‘டீச்சர், ஒருக்கா வந்து பின்னுக்கு இருந்து பாருங்கோ. நான் எங்க பிழைவிடுறன் எண்டு எனக்கே விளங்குதில்லை’ என்றாள். ‘வாறன் பிள்ளை’ என்றேன். நான் அங்கே போனால் என் வகுப்பை யார் பார்ப்பது? நீ வந்து பார்ப்பாயா?

சித்திரை வருடப்பிறப்புக்கு வரமாட்டேன். முழங்கால்.

அக்கா

---

வவுனியா,
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் வருடப்பிறப்புக்கு வராதது சின்னவளுக்குக் கவலை, உங்களுக்கென்று வைத்த பலகாரத்தை அவளே தின்றுமுடித்தாள்.

அலுவலகத்தில் நெருக்கடி. யூலையில் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து படிவங்களைப் பார்ப்பார்களாம். அக்கா, கனகலிங்கம் சேரோடு சண்டைக்குப் போகாதேங்கோ. அதைவிட ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தப் பிள்ளையின் வகுப்பில் போய் இருங்கோ. ஒரு பாடவேளைதானே.

நஸீஹாவுக்கு எந்த வகுப்பில் எப்போது பாடம் என்ற நேரசூசியில் ஒரு பிரதி வேண்டும். பஸ்ஸில் கொடுத்துவிட்டாற் போதும்.

மழை கண்டால் குளிரில் திரியாதேங்கோ.

தம்பி
சுஜிதன்

---

ஆசிரியர் விடுதி,
யூன் 15

அன்புள்ள சுஜிதனுக்கு,

நேரசூசிப் பிரதியை அப்போதே கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். கிடைத்ததென்று ஒரு சொல் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று ஊகிக்கிறேன்.

போன திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போனேன். இந்த முழங்காலோடு போனேன் என்றால் அம்மாளாச்சிதான் கூட்டிக்கொண்டு போனாள். சனமென்றால் சனம். வெளிவீதியில் கடைகளைப் பார்த்துக்கொண்டு வர, ‘டீச்சர், டீச்சர்’ என்று யாரோ கூப்பிட்டார்கள். பார்த்தால் ஜெமீல் சர்பத் கடை போட்டிருக்கிறார். ஹஜ் பெருநாள் முடிந்து இரண்டாம் நாள், வீட்டோடு வந்து நிற்கிறார்கள். நஸீஹா குவளையில் ஊற்றிக் கையில் தந்துவிட்டு, ‘டீச்சர், இந்தத் தவணைக்குள்ள ஒருக்கா என்ர வகுப்புக்கு வருவீங்களோ?’ என்று கேட்டாள்.

கோயில் வாசலில் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பின்னால் ஊரே நிற்கிறது, முன்னால் தகப்பன் நிற்கிறார். எனக்குப் பொல்லாத கோபம். ‘பள்ளிக்கூடத்தில கதைப்பம் பிள்ளை’ என்றேன். ஜெமீல் என்னிடம் காசு வாங்கவில்லை. ‘மகளுக்குப் பழக்கிவிடுற டீச்சரிட்ட காசு வாங்கிறதோ?’ என்றார். பாதிச் சர்பத்தை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன்.

இவளுக்கு ஏன் இந்த அந்தரம், அவசரம்? எங்களுக்கு யார் வந்து பழக்கினார்கள்? நாங்கள் படிப்பிக்கவில்லையா?

பதில் போடு. பெண்சாதி பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

---

ஆசிரியர் விடுதி,
யூலை 13

சுஜிதனுக்கு,

நான்கு கிழமையாக உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்று சுகம் விசாரிக்கப் போவதில்லை. அம்மா இருந்திருந்தால் இதற்கும் என்னைத்தான் ஏசியிருப்பா.

புதன்கிழமை உன் திட்டத்திலிருந்து ஒரு அலுவலர் வந்தார். நஸீஹாவை அதிபர் அறைக்குக் கூப்பிட்டு எட்டுப் படிவத்தை முன்னால் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். நான் எட்டுத் தரம் அவள் வகுப்பில் போய் இருந்தேனாம். புதிய ஆசிரியர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துத்தான் பாக்கி. அவள் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். ஆறாவதில் நின்றாள். யூன் ஒன்பதாம் திகதி, தரம் ஒன்பது, கரைசல்கள். ‘வழிகாட்டி பின்வரிசை வாங்கிலிருந்து அவதானித்தார், வகுப்பு முகாமை திருப்தி.’

‘சேர், யூன் ஒன்பது வற்றாப்பளைப் பொங்கல். எங்கட மாவட்டத்தில பள்ளிக்கூடம் லீவு. அண்டைக்கு டீச்சர் எங்கட வாப்பாட கடையில சர்பத் குடிச்சவா. நான்தான் ஊத்திக் குடுத்தனான்’ என்றாள்.

வற்றாப்பளைப் பொங்கலை மறந்தாயே, மடையா! பத்து வயது வரைக்கும் நேர்த்திக்குக் காவடி எடுத்த நீ! வவுனியாவில் குடியிருந்தால் வவுனியாக் கலண்டர்தானா உனக்கு? என் கையெழுத்துக்கு மேலே நீ எப்படித் திகதி போடுவாய்? நான் காணாத பாடத்தைக் கண்டதாக எப்படி எழுதுவாய்?

அந்த அலுவலர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு படிவத்திலும் அவள் கையெழுத்து வைக்கவில்லை என்பதற்காக, ‘வழிகாட்டலுக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று அவளுடைய கோவையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். கனகலிங்கம் கீழே ஒப்பமும் வைத்தார். பொய்யை எழுதினவன் நீ. தண்டனை அந்தப் பிள்ளைக்கு. இனி அவளுடைய நியமனம் எப்போது நிரந்தரமாகும்? வெட்கமாக இல்லையா உனக்கு?

தயாளினி

---

வவுனியா,
யூலை 22

அக்காவுக்கு,

வெட்கமாக இருக்கிறது. ஆனால் எனக்கு மட்டுமா இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பெப்ரவரி ஒன்பதாம் திகதிக் கடிதத்தோடு நீங்கள் அனுப்பியது என்ன, அக்கா? எட்டு வெறும் படிவம். எட்டிலும் அடியில் உங்கள் கையெழுத்து. நான் கேட்டது முதலாவது படிவத்தை மட்டும், அதுவும் நிரப்பி. அந்தப் பிள்ளை வந்து ஒரு கிழமை ஆகவில்லை, நீங்கள் வருடம் முழுக்க அவரைப் பார்த்துமுடித்துக் கையெழுத்து வைத்துவிட்டீர்கள். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை, அது என் பிழை. எழுபது வழிகாட்டிகளில் நாற்பது பேர் இப்படித்தான் அனுப்பினார்கள், அக்காவை மட்டும் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். போய் இருங்கோ என்று மே மாதம் கெஞ்சி எழுதினேன். நீங்கள் அனுப்பியது நேரசூசி மட்டும்.

மே கடைசியில் ஒரே இருப்பில் எட்டுத் திகதியும் போட்டேன். இன்னும் வராத யூன் நாட்களுக்கும் சேர்த்துப் போட்டேன். உங்கள் பொங்கல் கடிதம் வந்த அன்றே ஆறாவது படிவத்தைத் தேடிப் போனேன். அதற்குள் படிவங்கள் மேலே போய்விட்டன. அதனால்தான் பதில் எழுதவில்லை.

இப்போது கோபிக்காமல் கேளுங்கோ. இது பெரிதானால் எனக்கு வேலை நிலைக்காது, உங்களுடைய தரம் உயர்வும் நின்றுவிடும். பொங்கல் நாள் படிவத்தைக் கிழித்துவிடலாம். மற்ற ஏழிலும் நஸீஹா கையெழுத்து வைத்தால், கோவையில் இருக்கும் வரியை நீக்குவிக்கிறேன். அவர் கேட்டால் தண்ணீரூற்றுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றமும் பார்க்கலாம். எல்லோருக்கும் நல்லது. நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவர் கேட்பார்.

முழங்காலைக் கவனியுங்கோ.

சுஜிதன்

---

கிளிநொச்சி,
ஓகஸ்ட் 10

அன்புள்ள நஸீஹாவுக்கு,

வணக்கம். விடுமுறையில் வீட்டார் அனைவரோடும் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். நானும் வீட்டில்தான் நிற்கிறேன். வாப்பாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லும்.

அன்று அதிபர் அறையில் நடந்தது எனக்கும் மனவருத்தம்தான். அலுவலகத்தில் வேலைப்பளு, திகதியில் ஒரு தவறு நடந்துவிட்டது. அந்தப் படிவத்தை நீக்கிவிடுவார்கள். மற்ற ஏழிலும் நீர் கையெழுத்து வைத்தால் உமது கோவையில் எழுதியதையும் நீக்கிவிடுவார்களாம். வீட்டுக்குக் கிட்ட மாற்றமும் கிடைக்கலாம். உமக்கு முன்னால் முப்பது வருடச் சேவை இருக்கிறது பிள்ளை. தொடக்கத்திலேயே ஒரு கறுப்புப் புள்ளி வேண்டாம். சில இடங்களில் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும்.

நன்றாக யோசித்து எழுதும். அடுத்த தவணையில் கட்டாயம் வந்து உமது வகுப்பைப் பார்ப்பேன்.

அன்புடன்
தயாளினி டீச்சர்

---

தண்ணீரூற்று,
ஓகஸ்ட் 18

மதிப்புக்குரிய தயாளினி டீச்சருக்கு,

வணக்கம். இறைவன் உதவியால் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாப்பாவிடம் சொன்னேன். ‘டீச்சர் எழுதியிருக்கிறாவோ!’ என்று சந்தோசப்பட்டார். கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

டீச்சர், நீங்கள் யோசிக்கச் சொன்னீர்கள். ஐந்து நாள் யோசித்தேன்.

ஏழு படிவத்திலும் நீங்கள் என் வகுப்புக்கு வந்ததாக இருக்கிறது. ஏழு நாளும் நான் பள்ளிக்கூடத்தில்தான் நின்றேன், நீங்கள் வரவில்லை. பொங்கல் நாள் மட்டும் பொய்யென்றும் மற்ற ஏழும் உண்மையென்றும் நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? நான் உங்களிடம் பதினொரு தரம் கேட்டிருக்கிறேன். எண்ணி வைத்தேன் என்று கோபிக்காதீர்கள், எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. தண்ணீர்த் தாங்கியடியில் கேட்டேன். ஆசிரியர் கூட்டம் முடியக் கேட்டேன். நோன்பு திறக்க வீட்டுக்கு ஓட வேண்டிய நேரத்தில் உங்கள் விடுதி வாசலில் நின்று கேட்டேன். ஒவ்வொரு தரமும் ‘வாறன் பிள்ளை’ என்றீர்கள். ஏலாது என்று ஒருநாள் சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பேன்.

அன்று நீங்களும் அதிபர் அறையில் இருந்தீர்கள் டீச்சர். சர்பத் குடித்ததைச் சொன்னபோது அந்தச் சேர் உங்களைத்தான் பார்த்தார். நானும் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். ‘பாடவேளை தொடங்கப் போகுது’ என்று எழும்பிப் போனீர்கள். கோவையில் என்ன எழுதினார்கள் என்பதைவிட அதுதான் எனக்குச் சரியான கோபம். இன்னும் கோபமாகத்தான் எழுதுகிறேன். எழுத்து வடிவாக இருப்பதால் உங்களுக்கு விளங்காமல் போகலாம், அதனால் சொல்கிறேன்.

எனக்கு மாற்றம் வேண்டாம். தரம் ஒன்பதுப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் ஓடினவள் என்று பெயர் வேண்டாம். நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

அடுத்த தவணை வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பன்னிரண்டாவது தரம்.

வீட்டில் எல்லோரும் உங்களைச் சுகம் கேட்டார்கள்.

ஜெ. நஸீஹா

---

ஆசிரியர் விடுதி,
செப்டெம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமில்லை என்று தெரியும். உன்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்களாம், கிருசாந்தி சொன்னாள். என்னோடு கதைப்பதில்லை என்றும் இருக்கிறாயாம். இரு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நஸீஹாவின் கடிதத்தை மூன்று நாள் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் அவள்மேல் கோபம். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் உன்மேல் கோபம். மூன்றாம் நாள் கோபப்பட வேறு ஆளில்லாமல் போய்விட்டது. கோவையில் எழுதினது பற்றி விசாரிக்கத் திணைக்களம் ஒரு விசாரணை அலுவலரைப் போட்டிருந்தது, அடுத்த பஸ்ஸில் அவரிடம் போனேன். பெப்ரவரியில் எட்டு வெறும் படிவத்திலும் கையெழுத்து வைத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். திகதி போட்டது யார் என்று கேட்டார். ‘என்ர தம்பி. அவரையும் கூப்பிட்டுக் கேளுங்கோ’ என்றேன். என்மேல் அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ‘ஒருக்காலெண்டாலும் போயிருப்பியள்தானே, டீச்சர்? அப்பிடியெண்டால் உங்களுக்குக் கொஞ்சம் குறைச்சு எழுதலாம்’ என்றார். ஓம் என்று சொல்ல வாய் திறந்தது, தம்பி. ‘இல்லை, ஒருநாளும் போகேல்லை’ என்றேன். கோவையிலிருந்து அந்த வரியை என் கண்ணுக்கு முன்னால் வெட்டி ஒப்பம் வைத்தார். என் தரம் உயர்வு நிற்கிறது. நிற்கட்டும்.

தவணை தொடங்கி முதல் நாள், முதல் பாடவேளை, தரம் ஒன்பதுக்குப் போனேன். என் வகுப்புக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது, பெப்ரவரியிலும் அவ்வளவுதான். நஸீஹா ‘வாங்கோ’ என்று சொல்லவில்லை. பிள்ளைகளை எழும்பி வணக்கம் சொல்லவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள். நான் கடைசி வாங்கில் கஜனி என்ற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஐந்து நிமிடம் போகவில்லை. எனக்குப் பலகை தெரியவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் போன வருடம் வாங்கித் தந்த வெள்ளைப் பலகை. எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கம் அரைச்சுவர், அதற்குமேல் திறந்தவெளி. காலை வெளிச்சம் முழுக்க அந்தப் பலகையில் போய் விழுந்து பின்னிரண்டு வரிசையின் கண்ணில் அடிக்கிறது. முன்னுக்கு நிற்கிறவளுக்கும் தெரியாது, ஜன்னலால் பார்க்கிற அதிபருக்கும் தெரியாது. பின்வாங்கில் வந்து இருந்தால் மட்டும்தான் தெரியும். அவளுக்குப் படிப்பிக்கத் தெரியும், நல்லாகவே தெரியும். ஒன்றும் தெரியாத பலகையை எத்தனை நேரம் பார்ப்பது என்று பிள்ளைகள் கதைக்கத் தொடங்குகிறார்கள்.

‘ஏன் பிள்ளை, எழுத்துத் தெரியேல்லை எண்டு மிஸ்ஸிட்டச் சொல்லேல்லை?’ என்று கஜனியைக் கேட்டேன்.

‘படிக்காத ஆக்கள் எண்டுதானே எங்களைப் பின்னுக்கு இருத்தினவை. தெரிஞ்சுதான் இருத்தினவை எண்டு நினைச்சம்’ என்றாள்.

எழுந்துபோய் நஸீஹாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்த வாங்கில் இருத்தினேன். அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ‘இதுக்கோ டீச்சர் எட்டு மாசம்?’ என்றாள்.

பலகையைப் பக்கச் சுவருக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் வாங்குகளைத் திருப்பிப் போட்டார்கள். நானும் ஒரு பக்கத்தில் பிடித்தேன். ‘நீங்கள் விடுங்கோ டீச்சர், நாங்கள் தூக்கிறம்’ என்றாள் நஸீஹா. மரியாதையாகத்தான் சொன்னாள். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். போய்த் திரும்பவும் பின்வாங்கில் இருந்தேன். அவள் எழுதுவது அங்கே தெரிகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்தானே.

நாளைக்கும் போவேன். நீ கோபம் ஆறினால் எழுது, ஆறாவிட்டாலும் எழுது.

அக்கா
தயாளினி